வெறும் வயிறு

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கும் முன்னால், தொடையை நாடாவால் அளப்பார்கள். தமயந்தி தன் கணவன் குணசீலனுக்கு அளந்தாள். போன வாரத்தைவிட ஒரு விரல் குறைந்திருந்தது.

"எவ்வளவு?" என்றான்.

"அதேதான்." பொய் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினாள்.

குறைந்த ஈர்ப்பில் இங்கே எல்லோருக்கும் தசை கரைந்துகொண்டிருந்தது. எந்தப் புரதம் அதைக் கரைக்கிறது என்று தெரிந்தால் மருந்து செய்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அயலமிலம். இயற்கையில் இல்லாத அமினோ அமிலம். அச்சு அசலாக, சாப்பாட்டில் கிடைக்கும் மெத்தியோனின் அமிலம் போலவே இருக்கும். பசித்த உடல் ஏமாந்துபோய் அதை வைத்தே புதுப் புரதங்களைக் கட்டும். அவை மட்டும் விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். ஆனால் முட்டை, பருப்பு, பால் என்று எதிலாவது அசல் சரக்கு கிடைத்துவிட்டால், உடல் போலியைச் சீந்தாது. அதனால் ஒரு நாள் முழுப் பட்டினி கட்டாயம்.

ஐந்து பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. ஐந்து பேர் தசைத் துணுக்கும் இருட்டு. ஐந்தாவது ஆள், சுரங்க வண்டி ஓட்டும் சவரிமுத்து.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. என்ன சாப்பிட்டீங்க?"

"சத்தியமா ஒரு பருக்கை வாயில வைக்கலம்மா. என் காலும்தான போவுது?"

தமயந்தி நம்பவில்லை. என்ன ஜனங்களோ! ஒரே ஒரு நாள் வாயைக் கட்ட முடியாதா? மிச்சமிருப்பது ஒரு குப்பி. அடுத்தது பூமியிலிருந்து வந்து சேரப் பதினோரு மாதம் ஆகும். குணசீலனின் கால் அதுவரை தாங்காது. இனி யாரையும் நம்பிப் பிரயோசனமில்லை, தனக்கே போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தாள். அவள் தொடையும் இளைத்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பிடிவாதமாகப் பட்டினி கிடந்தாள். பணிப்பொறி மூன்று வேளையும் தட்டோடு வந்து நின்றது. சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் காலையில் கடைசிக் குப்பியைப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் துணுக்கை எடுத்து விளக்கின் கீழ் வைத்தாள். இருட்டு.

ஆத்திரத்தில் நாற்காலியை எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது. பணிப்பொறி நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, விவரம் கேட்க சவரிமுத்து வந்தார்.

"என்னம்மா, தெரிஞ்சுதா?"

"எங்க தெரிய? எனக்கும் ஒளிரல."

"நீங்க எதாச்சும் சாப்பிட்டீங்களா?" குத்தலாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"நான் போய்ச் சாப்பிடுவேனா? ரெண்டு நாளா வெறும் வயிறு. டீ மட்டும்தான்..."

சொல்லும்போதே குனிந்து பார்த்தாள். கையிலிருந்த டம்ளரில் பாலாடை மிதந்தது.

"டீ எல்லாம் ஒரு சாப்பாடாம்மா?" என்றார் சவரிமுத்து. "நாங்களும் அது மட்டும்தான் குடிச்சோம்."