காலிக்குடம்

“வருந்துகிறோம், தங்கள் விண்ணப்பம்...” என்று தேர்வுப்பொறி சொல்லி முடிப்பதற்குள் தணிகைவேலின் காதுக்குப் பின்னால் இளஞ்சூடு பரவியது. மனமீட்டி வேலையைத் தொடங்கிவிட்டது. இடிந்து விழப்போன நெஞ்சு பாதியிலேயே நின்று, காய்ச்சல் விட்ட காலைபோல இதமானது. வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தான்.

வேலை தேடுகிறவர்களுக்கு வேலைவாய்ப்பு மையத்தில் இலவசமாகப் பொருத்திவிடுகிற மிளகளவுக் கருவி அது. முன்பெல்லாம் நாலு இடத்தில் வேலை இல்லையென்று சொன்னால் ஆள் போர்வைக்குள் முடங்கிவிடுவான். இப்போது மனம் சரிவதைக் கருவி மோப்பம் பிடித்து, சரிந்த அளவுக்கு மூளையில் இன்பத்தைச் சுரக்க வைத்துவிடும். அம்பத்தூர் ஆலைகளை எந்திரங்கள் விழுங்கிய பிறகும் காலைப் பேருந்துகள் நிரம்பி வழிந்தது இதனால்தான். அடடா, எத்தனை மலர்ந்த முகங்கள்! கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவன் மனைவி குணவதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்குத்தான் வேலை இருந்ததே. இட்லி மாவு ஆலையில் நாள் முழுக்க நின்று பாக்கெட் அடுக்கி, காலில் நரம்பு சுருண்டு புண்ணாகிவிட்டது. நிற்பதை நிறுத்தாவிட்டால் புண் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கிடைத்ததும் விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்டர்வியூ நாட்களில் அந்தக் காலோடு தெருமுனை வரை போய், இடுப்பில் நிறைகுடத்தோடு அவனுக்கு எதிரே நடந்து வருவாள். போகிற காரியம் பலிக்க அவள் நம்பியது அந்தச் சகுனம் ஒன்றைத்தான்.

கடைசியில் பலித்தது. குடிநீர் ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. மேலாளர் கைகுலுக்கினார். தணிகைவேல் காதுக்குப் பின்னால் சூட்டுக்குக் காத்து நின்றான். வரவில்லை. உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது அந்த நிமிடம். கருவி பழுதோ என்று நேரே மையத்துக்கு ஓடினான்.

அங்கிருந்த பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு சார். இது விழுந்தா தூக்கி விடுற மிஷின். நீங்க விழலையே” என்றாள்.

செய்தி கேட்டதும் குணவதி அழுதேவிட்டாள். அன்றைக்கே ஆலைக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்து பாயசம் வைத்தாள். அவன் குடித்தான். பாவம், அவனுக்கு ஒன்றுமே இனிக்கவில்லை.

வேலையில் சேர வேண்டிய காலையில் அவள் பழக்கத்தை விடாமல் குடத்தை நிறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு நின்ற தணிகைவேல், அந்த வேலையை வேண்டாமென்று எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னான். இன்று கிண்டியில் வேறொரு இன்டர்வியூ இருக்கிறதாம். ஏன் என்று கேட்டதற்குக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டான்.

“குணா, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, காலிக்குடத்தோட எதிர்ல வா” என்றான். “இது கிடைச்சிடக் கூடாது.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் முழுதும் ஓடித் தீர்ந்தது.

“நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேங்க. இனிமே வர மாட்டேன். நீங்க தேடிக்கிட்டே இருங்க.”

உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருமுனைக்கு நடந்தாள். அரக்கோணம் பேருந்து நின்றது. ஏறினாள். திரும்பியே பார்க்கவில்லை.

போய்விட்டாள் என்பது தணிகைவேலுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவளில்லாத வீடு கண்முன் வந்தது. ஐயோ என்று நெஞ்சு சரிந்தது. இதுவரை எந்த நிறுவனமும் அவனை இவ்வளவு ஆழத்தில் தள்ளியதில்லை.

காதுக்குப் பின்னால் சூடு பரவத் தொடங்கியது. காலிக்குடத்தின் பக்கத்தில் நின்றபடியே அவன் சிரித்தான்.