கேள்விக்குறியாகிப்போன படகு

“சகல உலகத்தாரும் அறிக! சரவணைக் கிராமத்தில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இன்றுமுதல் இணையத்தில் உலாவரும். மூன்று மொழிகளில் உலாவரும். இப்படிக்கு, இணையத்தளக் குழுத் தலைவர் பரராசசிங்கம்.”

அறிவித்தல் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் போனது. இணையப் பக்கத்தில் முதலில் தலைவரின் வாழ்க்கை வரலாறு, ஆங்கிலத்தில். அதன் கீழே ஆறாம் வகுப்பு லக்சிகா தமிழில் எழுதிய கதை. அதற்கும் கீழே நிலாந்தி ரீச்சர் அந்தக் கதையைச் சிங்களத்தில் எழுதியது.

காரைநகருக்குப் போன படகு நடுக்கடலில் நின்றுவிட, எல்லாரும் செருப்பைக் கழற்றித் துடுப்பாக்கிப் படகை வலித்த கதை அது. மாத்தறையில் கடை வைத்திருக்கும் அப்பாவுக்காகத்தான் லக்சிகா அதை எழுதினாள். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது.

மத்தியானம் ரீச்சரின் போனில் அப்பா வந்தார்.

“பிள்ளை, பார்த்தனான். ஒரே கேள்விக்குறியாக் கிடக்கு. என்னட்டை இவ்வளவு கேள்வியோ?”

லக்சிகா கணினி அறைக்கு ஓடினாள்.

“எனக்கு வடிவாத் தெரியுதே!” என்றார் தலைவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் வரலாற்றை.

“கீழ போங்கோ ஐயா.”

கீழே கேள்விக்குறிகள் அணிவகுத்து நின்றன. தலைவர் தொண்டையைச் செருமினார்.

“இது எழுத்தின்ர பிழை. தமிழும் சிங்களமும் வளைவு சுளிவு கூட. இணையம் தாங்காது. ரெண்டையும் எடுத்துவிடுவம்.”

“ஏலாது.”

“என்ன?”

“எடுக்க விடமாட்டன்.” லக்சிகா கணினிக்கு முன்னால் கிடந்த கதிரையில் ஏறி இருந்தாள்.

“அதிபரிட்டைச் சொல்லுவன்!”

“சொல்லுங்கோ. அவர் வருமட்டும் இருக்கிறன். நீங்கள் முந்தித் தட்டின கோப்பிலை என்ர கதை நல்லாத்தானே கிடந்தது? இணையப் பக்கமாச் சேமிக்கேக்கைதான் கெடுது. ஒருக்காச் சேமிச்சுக் காட்டுங்கோ.”

பின்னால் வந்த ரீச்சர், “காட்டுங்கோ ஐயா,” என்றார். “என்ர சிங்களமும் அதுக்குள்ளைதான் போனது.”

தலைவர் அந்தக் கோப்பைத் திறந்து சேமிக்கப் போனார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே ‘சரி’யை அமத்தப் போனார். லக்சிகா சுட்டியைப் பொத்திப் பிடித்தாள்.

“இதை வாசிச்சனீங்களோ?”

“அதெல்லாம் தெரியாத ஆக்களுக்குப் பிள்ளை.”

“நான் தெரியாத ஆள்தான்.”

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘இந்த எழுத்துக் குறியீட்டில் சேமித்தால் சில எழுத்துகள் அழிந்துவிடும். சரியா?’

“ஐயா, இது கேட்டுப்போட்டுத்தான் அழிச்சிருக்கு. நீங்கள் சரி எண்டிருக்கிறியள்!”

ரீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

லக்சிகா ‘வேண்டாம்’ என்பதை அமத்தினாள். பட்டியலில் இருந்த எழுத்துக் குறியீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிச் சேமித்துப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அதே பெட்டி. எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூ.ரி.எவ்-8 என்ற பெயருக்கு வந்தபோது பெட்டி எழும்பவே இல்லை. பக்கத்தை இணையத்தில் ஏற்றித் திறந்தாள். கடலும் படகும் செருப்பும் இரண்டு மொழியிலும் வந்து சேர்ந்தன.

பின்னேரம் தலைவர் மறுபடியும் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இரண்டு மொழிகளைத் தான் காப்பாற்றிய விதத்தை விளக்கத் தொடங்கினார். லக்சிகாவுக்கு அது காதில் விழவில்லை. ரீச்சரின் போனில் அப்பா.

“வாசிச்சனான் பிள்ளை. பக்கத்துக் கடைப் பியசேனவும் சிங்களத்திலை வாசிச்சவர். செருப்பாலை வலிச்ச இடத்திலை ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம்.”

“பிறகு, அப்பா?”

“வாழைப்பழத்துக்கு ஆள் வந்திட்டுது. வைக்கிறன்.”

வைத்துவிட்டார்.