ஏழாவது குழி

முந்தின நாள் சாயங்காலம் சுமித்ரா தன் கையால் தோண்டியது ஆறு குழி. காலையில் வந்து பார்த்தால் பங்களா மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஏழு இருந்தன. ஏழாவதன் விளிம்பு மட்டும் தினந்தினம் விரலால் வழித்தெடுத்தது போல வழவழவென்று இருந்தது. உள்ளிருந்து புளித்த கூழின் வாடை குப்பென்று வந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனாள்.

பாலசமுத்திரத்துக்கு வெளியே இருந்த அந்த ஜமீன் பங்களாவை ரிசார்ட்டாக்கி இரண்டு வருஷமாகிறது. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சனி, ஞாயிறு வந்து துரையாகவும் துரைசானியாகவும் வேஷம் கட்டிவிட்டுப் போவார்கள். பண்ணையாட்களாக நடிக்க ஊரிலிருந்து சுமித்ராவோடு சேர்த்து ஆறு பேர். மதியம் தரைக்குழியில் வாழையிலையை அமுக்கி, துரைசானி எட்ட நின்று கேழ்வரகுக் கூழ் ஊற்ற, அவர்கள் குனிந்து வாய் வைத்துக் குடிப்பதுதான் விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடித்த காட்சி. வயிறு நிறைந்தவர்களுக்கு அடுத்தவன் பசியைப் பார்க்க அப்படி ஓர் ஆசை. சுமித்ராவின் அப்பா கன்னையா இதே கொல்லையில் நிஜமாகவே அப்படிக் குடித்தவர். தரையில் மட்டும் வாய் வைக்கமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு அனுப்பினார். அவளும் குனிந்து, குடிப்பது போலப் பாவனை காட்டி இத்தனை நாள் ஒப்பேற்றிவிட்டாள்.

மதியம் பார்த்தால் மறுபடி ஏழு குழி. ஏழிலும் இலை.

"அத நான் மூடிட்டேன் சார்" என்றாள் மேனேஜர் ஹேமநாத்திடம்.

"இருந்துட்டுப் போவட்டும். கெஸ்ட்டுங்க பாத்துக்கினு இருக்காங்க, உக்காரு."

அன்றைய துரைசானி ரூபா மேடம், கொண்டை நிறைய மல்லிகையோடு, விளையாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். சாணி வாடையும் சென்ட் வாடையும் வெயிலில் கலந்து வந்தன. ஆறு இலையில் கூழ் நின்றது. ஏழாவதில் நிற்கவில்லை. மடக் மடக்கென்று இறங்கியது. யாரோ சிரித்தார்கள்.

ரூபா மேடம் சுமித்ராவிடம் திரும்பி வந்தாள். "நீ குடிக்கவே இல்ல, நான் பாத்துட்டேன். நிஜமா குடி. வீடியோ எடுக்கணும்."

ஹேமநாத் கண்ணைக் காட்டினான். இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சீ, என்ன பிழைப்பு இது. அப்பா முகம் நினைவுக்கு வந்தது. குனிந்தாள். உதடு கூழில் பட்டது.

இலை அசைந்தது.

அடியிலிருந்து ஏதோ தடவியது. வெதுவெதுப்பாக. சொரசொரவென்று. நாக்கு.

தலையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இலையைக் கிழித்துக்கொண்டு வந்த உதடுகள் அவள் உதட்டைக் கவ்வி உறிஞ்சின. வாயில் இருந்த கூழ் போனது. காலையில் தின்றதும் போனது. ஓரக்கண்ணில் மற்ற ஐந்து பேரும் தெரிந்தார்கள். ஐந்து தலையும் மண்ணோடு. கால்கள் மட்டும் தரையைப் பிறாண்டின.

விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

"பாவம், எவ்ளோ பசி பாரு" என்று ரூபா மேடம் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அது சுமித்ராவின் பிடரியில் வழிந்தது.

ஏழாவது குழியில் இலை கிழிந்து கிடந்தது. அதற்கடியில், மண்ணோடு மண்ணாக, ஒரு வாய் ரூபா மேடத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.