கசியாத கண்ணாடி

விளக்கு அணைந்துவிட்டது. திரையில் இருந்த வெள்ளைப் புள்ளி மட்டும் அணையவில்லை.

எதிர்க்கட்டட மாடியில் வைத்த புற ஊதா விளக்கைத் தவிர வேறெதையும் இந்த மாடியில் அவள் நிறுத்தியிருந்த கேமரா பார்க்கக் கூடாது. அதற்காகவே அவள் இரண்டு வருடமாக ஒரு வட்டக் கண்ணாடியில் மயிரினும் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் படியவைத்து ஃபில்டர் செய்திருந்தாள். ஆபீசில் அவள் பெயரே 'படலம்' ஆகிப்போனது. அந்த விளக்கின் வகை ஒளியைச் சூரியன் அனுப்பினாலும் வானத்து ஓசோன் மேலேயே விழுங்கிவிடும். ஆகவே அந்த ஃபில்டருக்கு உச்சிவெயிலும் கும்மிருட்டு. அந்த இருட்டில் விளக்கைச் சிமிட்டிச் செய்தி அனுப்பலாம்.

"வயரையே பிடுங்கிட்டேன்க்கா, கையில வச்சிருக்கேன்," என்றான் எதிர்மாடியிலிருந்து போனில் எலக்ட்ரீஷியன்.

புள்ளி அசைந்தது.

"ஃபில்டர் லீக் ஆகுதும்மா, வெயில் கசியுது," என்றார் இயக்குநர். புதுத் தண்ணீர்க் குழாய்க்கும் ரிப்பன் வெட்டியவர். ஊழியர்களுக்கு அவர் 'திறப்பு விழா'. "பெரியவங்க வர்ற நேரம். கோளாறுன்னு நீயே எழுதிக் கொடுத்துடு. கடையில வாங்கினதை மாட்டி, நாமளே செஞ்சதுன்னு சொல்லிக்கலாம்."

"லீக் இல்ல சார்."

"சூரியனைவிட நீ பெரிய ஆளா?"

"அதையும் பாத்துடலாம்."

ஏசி இயந்திரங்கள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்க, உருகும் தாரின் நெடி மூக்கில் ஏற, கைப்பிடிச் சுவரின் சூடு முழங்கையைச் சுட, அவள் கேமராவை நேராகச் சூரியனை நோக்கித் திருப்பினாள். துளி கசிந்தாலும் திரை வெளுத்துப் போயிருக்கும். திரையில் சூரியனே இல்லை. வெறும் கறுப்பு. உள்ளே ஒரு திமிர். என் கண்ணாடி யோக்கியமானது.

கேமராவை இறக்கி மறுபடி எதிர்க்கட்டடத்தை நோக்கித் திருப்பினாள்.

இப்போது அது புள்ளி இல்லை. தலை. தோள். தொங்கும் கைகள்.

"சார், அது நம்ம மாடியில, தண்ணித் தொட்டிகிட்ட நிக்குது."

நிமிர்ந்து பார்த்தால் தொட்டி மட்டும்தான். அதன் பாசி நாற்றம்.

"உன் லீக்குக்குக் கைகால் வேற முளைச்சிடுச்சா?" டையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல் போய்த் தொட்டி முன் நின்றார். "நான் மறைச்சா மறையணும்ல? மறைஞ்சுதா?"

"வந்துடுங்க சார்!"

மறையவில்லை. வெள்ளைக் கைகள் விரிந்தன. அவரைக் கட்டிக்கொண்டன. உருவம் சுருங்கியது. அவர் அளவுக்கு. அவர் தொப்பை, அவர் டை முடிச்சு வரைக்கும்.

ஏசி உறுமல் நின்றுபோனது.

அவர் நிதானமாக அருகில் வந்தார். அவள் ஓடவில்லை.

"என்ன வேணாப் பண்ணுங்க," என்றாள். "லீக்குன்னு எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம். நீங்க சொன்னதுதான் சரி." அவர் எந்த ஊழியரையும் 'நீங்க' என்றதில்லை. "லீக்கே இல்ல."

திரும்பிப் படிக்கட்டை நோக்கி நடந்தார், விருந்தாளிகளை வரவேற்க. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது அவர் முதுகு. வழுக்கைப் பின்மண்டை.

கேமராவை அவர்மேல் திருப்பினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது. எடுக்க மாட்டேன்.

திரையில் அந்தப் பின்மண்டையில் ஒரு முகம். வெள்ளையாய். அவளையே பார்த்தபடி, ஒவ்வொரு படியாக, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.