பட்டாணியின் மூக்கும் அப்பாவின் கையும்

பட்டாணியின் வீட்டில் சமையலறை அப்பாவின் ராஜ்ஜியம். அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகள் கண் விழிப்பதற்குள் டிப்போவுக்குப் போய்விடுவாள். அப்பா தச்சர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. மேசைக்குக் கால் பொருத்துவதற்கும் நாற்காலியை இழைப்பதற்கும் நடுவில் எழுந்து போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வருவார். அவர் தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள் இருக்கும். குழம்பில் ஒருநாளும் இருந்ததில்லை.

பட்டாணிக்குப் பத்து வயது. வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு தம்பி உண்டு. மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவது அவன் வழக்கம்.

அப்பாவின் முட்டைக்குழம்பைப் பற்றி அம்மா டிப்போவில் பேசாத நாளே கிடையாது. அவள் ஆரம்பித்தால் மற்ற ஓட்டுநர்கள் தங்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிடுவார்களாம். கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் சொந்தச் சாப்பாடு இறங்குவதில்லையாம். புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு அம்மாவுக்குக் கிடைத்தபோது, டிப்போவில் எல்லோரும் சேர்ந்து கேட்டது ஒரே ஒரு விருந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு பேர் வருவதாக முடிவானது.

அந்தச் சமயம் பார்த்து அப்பா காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார். பத்து நாள் படுக்கை. திங்கட்கிழமை மறுபடி அடுப்படிக்குப் போனார். வீடே சந்தோஷப்பட்டது.

அன்று வைத்த முட்டைக்குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பட்டாணியும் அப்படியே செய்தாள். தம்பி மட்டும் நாலு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, குழம்பு கடலிலிருந்து வந்ததா என்று கேட்டான். அம்மா அவனைச் சாப்பிடச் சொன்னாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்த பட்டாணிக்கு வாசலிலேயே தீய்ந்த வாடை அடித்தது. உள்ளே ஓடினாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வறுவல் அடிப்பிடித்துக் கரிந்துகொண்டிருந்தது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். எதிரே இருந்த பலகையில் வெங்காயம் நறுக்கியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பட்டாணி அடுப்பை அணைத்தாள். அப்பா திரும்பி வாணலியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து எனக்கு எதுவுமே மணக்கல, பட்டாணி," என்றார் அப்பா. "நாக்கும் அப்படித்தான். எதைத் தின்னாலும் காகிதம் மெல்லற மாதிரி இருக்கு."

மருத்துவரைப் பார்த்தாராம். மெல்ல மெல்லத் திரும்பும், மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று அவர் சொன்னாராம். ஞாயிறு விருந்துக்குக் கடையில் சாப்பாடு சொல்லிவிடலாமா என்று யோசிப்பதாக அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்து போனது. பதினோரு வருஷமாக டிப்போ முழுக்கப் பேர் வாங்கிய குழம்பு. இப்போது அம்மா எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டி வருமோ என்பதுதான் அவர் கவலை.

பட்டாணி கொஞ்ச நேரம் கரிந்த கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே, அப்பா? கை உங்களோடது. மூக்கும் நாக்கும் என்னோடது. சேர்ந்து சமைப்போம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. நினைத்த அளவுக்கு அது சுலபமாக இல்லை. எண்ணெயில் வெங்காயம் வதங்கும்போது என்ன மணம் வருகிறது என்று அப்பா கேட்டார். வெங்காய மணம் என்றாள் பட்டாணி. அது போதாது, எந்த மாதிரி வெங்காயம் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். முதலில் கண்ணைக் கடிக்கிற மணம். கொஞ்ச நேரம் கழித்து இனிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதைச் சொன்னதும் அப்பா சட்டென்று தக்காளியைப் போட்டார்.

மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் போட்டபோது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பழைய சாக்குப்பையை உதறின மாதிரி இருக்கு," என்றாள் பட்டாணி.

"அதுதான் பச்சை வாடை. அது போற வரைக்கும் தண்ணி ஊத்தக் கூடாது. போனதும் சொல்லு."

சாக்குப்பை மணம் போவதற்கு ஏழு நிமிஷம் ஆனது. அதற்குப் பதிலாக வந்த மணத்துக்கு அவளால் பேர் சொல்ல முடியவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னாள். அது சரியான விடை என்றார் அப்பா.

அன்றைய குழம்பில் உப்பே இல்லை. பயந்து பயந்து போடச் சொன்னதால் வந்த வினை. தம்பி இந்த முறை குழம்பு ஆற்றிலிருந்து வந்ததாகச் சொன்னான். புதன்கிழமை காரம் தூக்கலாகிவிட்டது. வெறும் குழம்பை நக்கிப் பார்த்தால் ஏமாந்துபோகிறோம் என்பதை பட்டாணி அன்று தானாகவே கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அதில் ஒரு துண்டு கிழங்கைத் தோய்த்துத் தின்று பார்த்தாள். நடுநடுவே தண்ணீர் குடித்து நாக்கைக் கழுவிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னொரு முட்டை இருக்கிறதா என்று சட்டியை எட்டிப் பார்த்தான்.

ஞாயிறு காலை அம்மா வீட்டைப் பெருக்கி, பட்டறையில் இருந்த பலகைகளை ஓரமாக அடுக்கி, இரண்டு நீளமான மேசைகளைச் சேர்த்துப் போட்டாள். சமையலறையில் பதினாறு முட்டைகள் வெந்து, தோல் உரித்துத் தயாராக இருந்தன. விருந்தாளிகள் பன்னிரண்டு பேர், வீட்டில் நாலு பேர். வறுவலுக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்திருந்தார்கள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பட்டாணி கிழங்குத் துண்டைத் தோய்த்துத் தின்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

திரும்பி வந்தபோது அவளுக்கு என்னவோ இன்னொரு முறை பார்க்கத் தோன்றியது. ஒரு துண்டைத் தோய்த்து வாயில் வைத்தாள். முகம் சுருங்கிப் போனது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். தன் கையையும் பார்த்தார். விரல்களில் உப்பு ஒட்டியிருந்தது. குழம்பு கொதித்ததும் ஒரு கைப்பிடி உப்பு எடுத்துப் போடுவது அவருடைய பல வருஷப் பழக்கம். வாசலில் தம்பி கூப்பிட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே, தன்னை அறியாமல் போட்டிருக்கிறார்.

முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டு. இன்னும் அரை மணி நேரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். "போய் அம்மாகிட்ட சொல்லிடறேன். கடைக்கு ஓடினா ஏதாவது கிடைக்கும்," என்றார்.

பட்டாணிக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். இன்றைக்கு மூக்கு வேண்டும். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போட்ட உப்பை எடுக்க முடியாது, அப்பா," என்றாள் மெதுவாக. "ஆனா குழம்பைப் பெருசாக்கலாம் இல்ல?"

அப்பா தலையைத் தூக்கினார். அடுத்த நொடி எழுந்து, பரணிலிருந்து வீட்டிலேயே பெரிய சட்டியை இறக்கினார்.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ள நேரமில்லை. அப்பா வெங்காயத்தை நறுக்கிய வேகத்தில் கத்தியே கண்ணுக்குத் தெரியவில்லை. பெரிய சட்டியில் வெங்காயம் வதங்கியது. பட்டாணி முக்காலியின் மேல் ஏறி நின்று மோந்தாள். "கண்ணைக் கடிக்குது," என்றாள். பிறகு, "இனிப்பு வந்துடுச்சு." தக்காளி விழுந்தது. தூள்கள் விழுந்தன. "சாக்கு, சாக்கு, இன்னும் சாக்கு, போயிடுச்சு." உப்பே போடாத அந்த மசாலாவில் பழைய குழம்பை ஊற்றினார்கள். வறுவலுக்கு வைத்திருந்த கிழங்கில் பாதியை பட்டாணி கையாலேயே மசித்துப் போட்டாள். அப்பா ஒரு முழுத் தேங்காயின் பாலை ஊற்றினார். மிச்சக் கிழங்கு இன்னொரு அடுப்பில் வறுவலானது.

பட்டாணி ஒரு துண்டைத் தோய்த்துத் தின்றாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் காரம் கேட்டாள். மறுபடியும் தின்றாள். அப்பா அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இப்போ முட்டையைப் போடலாம்," என்றாள்.

அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மா அவசரமாகச் சமையலறைக்கு வந்தாள்.  டிப்போ மெக்கானிக் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்துவிட்டாராம். பேருந்துகளின் நேரத்தைக் குறிக்கும் நேரக்காப்பாளர் தன் அண்ணனோடு வந்திருக்கிறாராம். ஐந்து பேர் அதிகம், குழம்புக்கு என்ன செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அப்பாவும் பட்டாணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டாணி பெரிய சட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். விளிம்பு வரைக்கும் குழம்பு. அப்பா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டாக வெட்டி மறுபடி மிதக்கவிட்டார். பதினாறு முப்பத்திரண்டானது.

சாப்பாடு ஆரம்பித்ததும் முன்னறையில் பேச்சு நின்றுபோனது. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பட்டாணி கதவோரம் நின்று பார்த்தாள். மெக்கானிக்கின் கடைசிப் பிள்ளை சோற்றில் குழி பறித்துக் குழம்பை நிரப்பிக்கொண்டது. ஓர் ஓட்டுநர், இத்தனை நாள் அம்மா சொன்னதை அளப்பு என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

நேரக்காப்பாளர் பெரிய மீசைக்காரர். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் புருவத்தை உயர்த்துகிறவர். யாரையும் பாராட்டி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் தட்டைக் காலி செய்தார். மீசையைத் துடைத்தார். தட்டை முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

மேசை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்தக் குழம்பை எப்படி வைத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா எழுந்து கதவோரம் வந்தார். பட்டாணியின் தோளில் கை வைத்து முன்னால் அழைத்துப் போனார். தனக்கு மணமும் ருசியும் தெரியாமல் போனதை எல்லோர் முன்னாலும் ஒளிக்காமல் சொன்னார். காலையில் தான் கூடுதலாகப் போட்ட உப்பையும் சொன்னார்.

"நான் வெறும் கை. இன்னைக்கு நீங்க சாப்பிட்டது இவளோட குழம்பு," என்றார்.

நேரக்காப்பாளர் எழுந்து நின்று பட்டாணிக்குக் கை கொடுத்தார். அவளுடைய கை மணிக்கட்டு வரைக்கும் அவர் கைக்குள் மறைந்துபோனது. அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள். மேசைக்கு அடியில் இருந்து தம்பியும் தட்டினான்.

அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். தனக்கு முன்பே தெரியும் என்றாள். அவர் வருத்தப்படுவாரே என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம்.

"எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"நானும் இந்த வீட்டுலதானே சாப்பிடறேன்?"

எல்லோரும் கிளம்பிப் போனபோது பெரிய சட்டியைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாதது போல இருந்தது. அவ்வளவு சுத்தமாக வழித்திருந்தார்கள். அப்போதுதான் பட்டாணி இன்னும் சாப்பிடவில்லை என்பது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. காலையிலிருந்து துண்டு துண்டாகக் கிழங்கு தின்றதோடு சரி.

அப்பா அவளை மேசையில் உட்கார வைத்தார். கூடையில் மிச்சமிருந்த இரண்டு முட்டைகளை உடைத்து அடித்து, வெங்காயம் தூவி, ஓரம் முறுகலாக ஓர் ஆம்லெட் போட்டு அவள் தட்டில் வைத்தார். எதிரே உட்கார்ந்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

பட்டாணி ஒரு வாய் தின்றாள். இருங்க என்று கையைக் காட்டினாள். இன்னொரு வாய் தின்றாள். அப்பா காத்திருந்தார். தட்டில் ஒரு துணுக்குகூட இல்லாமல் தீர்ந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து, சரியாக இருந்தது என்றாள்.