முகவரியை மட்டும் மாற்றினாள்

"தொலைஞ்சு போனா நான் எங்கம்மா நிக்கணும்?"

சிதம்பரத்தில் ஆனித் தேரன்று, கீழ வீதி வளையல் கடை முன்னால் மாலதி கேட்டாள்.

"நின்ன எடத்த வுட்டு நவுராத. நானே வந்து கூட்டிக்குறேன்" என்றாள் கார்த்யாயினி. தேர் அசைந்தது. கூட்டம் நெருக்கியது. மகளின் கை நழுவியது. முட்டி மோதித் திரும்பி வந்தபோது கடை முன்னால் அவள் இல்லை.

அப்புறம் எத்தனையோ தேர் ஓடிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் லூர்துசாமி என்ற பெரியவர், காணாமல் போன பிள்ளைகளுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். படம், பெயர், அடியில் அவர் வீட்டு முகவரி. 'எந்நேரம் வந்தாலும் கதவு திறந்திருக்கும், ஒரு பிடி சோறு இருக்கும்' என்று ஒரு வரி. மாலதிக்கும் ஒரு பக்கம் போட்டார், காசு வாங்கவில்லை. சாகும்வரை தினமும் வாசலில் விளக்கேற்றி, பானையில் சோறு மிச்சம் வைத்தார்.

அவருக்குப் பின் புதுப்பிக்க ஆளில்லாமல் தளத்தின் பெயர் பழைய பக்கங்களோடு விற்பனைக்கு வந்தது. சிதம்பரத்தில் தன் வீட்டு அறைகளைக் கோயிலுக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டு, ஆள் வராமல் தவித்துக்கொண்டிருந்த கார்த்யாயினிக்கு அதை வாங்கிக் கொடுத்தது கொழுந்தன் உமாசங்கர்.

"பேப்பர்காரங்க எல்லாம் லிங்க் குடுத்த பழைய சைட்டு அண்ணி. கூகுள்ல இதுக்கு மரியாதை ஜாஸ்தி, தேடுனா மேல வரும். முன்பக்கத்துல நம்ம ரூமைப் போடுவோம். பழைய பக்கத்த அழிச்சிடாதீங்க, அழிச்சா சரசரன்னு கீழ எறங்கிடும். அடியில அட்ரஸ மட்டும் மாத்திடுங்க."

"பாவமில்லையா உமா?"

"யாரு வந்து பாக்கப் போறாங்க?"

மாற்றினாள். அறைகள் நிறைந்தன. விளக்கும் சோறும் அவள் நினைவுக்கு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை, தங்க ஆளில்லாத நாள், வாசற்படியில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. யாரோ மறந்தது என்று ஓரமாக வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மழை பிடித்து மின்சாரம் போனது. ஈர மண் வாசனையோடு பஞ்சுமிட்டாயும் ரப்பர் பலூனும் கலந்த திருவிழா நெடி ஒன்று கூடத்துக்குள் மெல்ல மெல்ல ஊறி வந்தது. பூட்டியிருந்த அறைகளில் பாய்கள் ஒவ்வொன்றாக விரிபடும் சரசரப்பு கேட்டது. அவள் கைபேசி வெளிச்சத்தை வாசலுக்குத் திருப்பினாள்.

படி நிறையச் செருப்புகள். எல்லாம் சின்னவை. எல்லாம் ஒற்றை.

முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இந்த வூடுதானே? அட்ரஸ் இதானே போட்டிருக்கு?"

கட்டம் போட்ட சட்டை. தளத்தில் இருந்த அந்தப் படத்தை அவளுக்குத் தெரியும். குறிஞ்சிப்பாடிப் பையன். அவனுக்குப் பின்னால் இன்னொரு முகம். இன்னொன்று. ஒன்றுகூட வளர்ந்திருக்கவில்லை.

பயத்தையும் மீறி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். மாலதி? மாலதி எங்கே?

இல்லை.

எல்லாரும் வந்திருக்கிறார்கள். அவள் மட்டும் வரவில்லை.

நின்ன எடத்த வுட்டு நவுராத.

சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. இந்த மழையிலும் அங்கேயேதான் நிற்பாள்.

கார்த்யாயினி வாசலுக்கு ஓடினாள். முந்தானை இழுபட்டது. ஒரு கை. பிறகு பல கைகள். கூட்டத்தில் பிள்ளைகள் அம்மாவின் சேலையைப் பற்றுகிற அதே பிடி. குளிர்ந்த பிடி. விடவில்லை.

"சோறு இருக்குன்னு போட்டிருந்துச்சே" என்றது கூட்டத்திலேயே சின்னது.

அவள் கதவை அகலத் திறந்து வைத்தாள். விளக்கேற்றினாள். சோற்றுப் பானையை நடுக்கூடத்துக்கு இழுத்து வந்து, பிசைந்து, உருட்டி, இருட்டிலிருந்து நீண்ட ஒவ்வொரு கையிலும் வைத்தாள். யாரும் சோற்றைப் பார்க்கவில்லை. உருண்டைகள் அப்படியே தரையில் விழுந்தன. கைகள் மறுபடியும் நீண்டன.

தூரத்தில், கீழ வீதிப் பக்கமிருந்து, மழைக்குள் கண்ணாடி வளையல் குலுங்கியது.