பெரிய சுற்று

செவனம்மா சைக்கிளின் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். காற்று கொஞ்சம் கூடுதல். மலைப்பாதைக்கு இவ்வளவு இறுக்கம் ஆகாது என்று வால்வை அழுத்திச் சற்றே இறக்கினாள். களத்து வேம்பில் ஒரு கிடா கட்டியிருந்தது. அது அவளையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதுகளுக்கு வேறு சோலி இல்லை என்பதுபோல் அசைபோட்டது.

காமயத்தோப்பில் இன்று சுற்று நாள். மழை ஓய்ந்து, தை பிறந்து, மேற்கு மலையில் பாதை காய்ந்ததும் வருகிற நாள். விடிவதற்குள் ஊரே களத்துக்கு வந்துவிட்டது. நகரத்திலிருந்து வந்திருந்த சுற்று அளவர் ஜெயந்தன் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், சக்கரத்தின் நடுவைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள மோட்டார் ஒண்ணும் இல்லையே அம்மா?"

"இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும்! ஏறிப் பாருங்க சார், மிதிச்சாத் தெரியும்."

களம் சிரித்தது. ஜெயந்தனும் சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டில், களத்தோடு பேசவும் உதவுகிற நாடிப்பட்டையைக் கட்டினார். "சூரியன் விழறதுக்குள்ள இதே இடத்துல வந்து வட்டத்த மூடணும். யாரும் உங்களத் தொடக்கூடாது, தள்ளக்கூடாது. எந்த இடத்துலயும் தடம் அறுபடக்கூடாது. மூடலைன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். போன தலைமுறையில் யந்திரங்கள் எதை வேண்டுமானாலும் செய்யக் கற்றுக்கொண்டன. பட்டா செய்தன, கையெழுத்துப் போட்டன, செத்துப்போனவர் முகத்தையும் குரலையும் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைத்தன. ஒரே காட்டுக்கு ஐந்து சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள், ஐவரிடமும் குறையில்லாத ஆதாரம். நீதிமன்றங்கள் கையைப் பிசைந்தன. கடைசியில் அரசு நாடு முழுக்கச் சாட்சிமண்ணைத் தூவியது. கண்ணுக்குத் தெரியாத உணர்மணிகள் அவை. மேலே போகிற உடம்பின் எடை, சிந்துகிற வியர்வையின் உப்பு, நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் ஒரு மணி அடுத்த மணிக்குச் சொல்லிப் பதிந்துகொள்ளும். பொய்யான இதயத்தை அதனிடம் யாராலும் காட்ட முடியவில்லை.

அப்படித்தான் சுற்றுச் சட்டம் வந்தது. ஊருக்கு ஒரு ஆள், வருஷத்துக்கு ஒரு நாள். ஒரு பகலில் தன் சொந்த பலத்தில் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாரோ, அவ்வளவும் அடுத்த தை வரை அந்த ஊருக்கு. சைக்கிளுக்கு அனுமதி உண்டு. மிதிப்பதும் கால்தானே. எந்த உடம்பும் சுற்றாத நிலம் திறந்த நிலம். அதை யந்திரங்களைக் கொண்டு பயிரிடும் பசுந்திரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் காமயத்தோப்புக்காரர்கள் இல்லையே! சும்மா சுற்றி வருவதில் என்ன சுவாரசியம் என்று எவனோ ஒருவன் கிடா கட்டினான். முந்தின வருஷத்து ஆளைவிட வெரசாக வந்தால் கிடா அவனுக்கு. அன்றிலிருந்து சுற்று பந்தயமாகிவிட்டது. பந்தயம் என்று வந்துவிட்டால் நம்மவன் சும்மா இருப்பானா? ஒருவன் ஓடை வளைவைக் குறுக்கே வெட்டினான். அடுத்தவன் மேட்டுக்குப் பதிலாக அடிவாரத்தில் சைக்கிளை விட்டான். கிடாவெட்டுக் கறி ருசியில் வட்டம் சிறுத்துக்கொண்டே வந்ததை யாரும் பார்க்கவில்லை. மேற்கே இருந்த நல்ல பந்தல் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் வெளியே விழுந்தன, பசுந்திரை ஒவ்வொன்றாய் வாரிக்கொண்டது.

போன வருஷம் காசிராமன் நரிப்பாறை வளைவைக் கீழாக வெட்டினான். கிடா கிடைத்தது. வளைவுக்கு மேலே இருந்த பொம்முத்தாயின் வீடும், அவளுடைய சின்னப் பந்தலும், ஊற்றும் வட்டத்துக்கு வெளியே போயின. அப்படி வெளியே போன வீட்டுக்கு ஒரு வருஷம் தவணை; வட்டமே மூடாத ஊருக்குத் தவணையும் கிடையாது. இன்று பொழுது சாய்ந்தால் அது பசுந்திரைக்கு.

பழையபடி மேலே சுற்றினால் என்ன என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. மழையில் மலை சரிந்து பழைய இறக்கம் போய்விட்டது. மேலே ஏறினால் முகடு வரை போய், மறுகோடிச் சரிவில் இறங்கி, பசுந்திரைத் தோட்டத்துக்கும் அந்தப் பக்கமாகத்தான் வர முடியும். ஒரு பகலுக்குள் ஆகிற காரியமா? ஒரு வீட்டுக்காக ஊரையே பணயம் வைக்க முடியாது, பொம்முத்தாய் கீழே வந்து சமுதாயக் கூடத்தில் தங்கிக்கொள்ளட்டும் என்று தலைவர் சடையாண்டி முடித்துவிட்டார். எல்லோரும் சரியென்றார்கள். இந்த வருஷம் முறை செவனம்மாவுக்கு. அவளும்தான் தலையாட்டினாள்.

அவள் தலையாட்டியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பொம்முத்தாய் அவளுடைய செத்துப்போன அண்ணன் மனைவி. செவனம்மாவுக்குக் கவாத்து வெட்டத் தெரியாது, அவள் கத்தரி பட்ட கொடி தழையாது என்று ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் அந்த மதினி சொல்லிவிட்டாள். அன்று முறிந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை.

விசில் ஊதியதும் செவனம்மா மிதித்தாள். ஊர்ப் பந்தல்களுக்கு அடியில் பாதை ஓடியது. கல்தூண்களுக்கு மேல் கம்பி, கம்பியில் கொடி, கொடியில் கருத்துத் தொங்கும் பன்னீர்த் திராட்சை. பந்தலுக்குள் சைக்கிள் விடுவது தனி வித்தை. தாடை கைப்பிடியில் முட்டுகிற மாதிரிக் குனிந்தே போக வேண்டும். அப்படியும் ஒரு கொத்து நெற்றியில் அடித்துச் சாறு கண்ணில் வழிந்தது. நாக்கை நீட்டி நக்கிக்கொண்டாள். வாய்க்காலைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. மூங்கில், பிறகு நெல்லி, பிறகு வெயில் விழாத பெருமரங்கள். பாதையில் யானைச் சாணம் ஆவி பறந்தது. ஆள் இப்போதுதான் போயிருக்கிறார் என்று மரியாதையாக ஒதுங்கிப் போனாள்.

நரிப்பாறையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழே காசிராமன் போட்ட குறுக்குவழி, நல்ல இறக்கம், காலை ஆட்டாமலே ஊர் போய்ச் சேரலாம். மேலே பொம்முத்தாயின் வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றிப் பசுந்திரையின் கவாத்து யந்திரங்கள் வரிசையாக நின்றன. பொழுது சாய்ந்ததும் உள்ளே நுழைவதற்காக இப்போதே வந்து காத்திருந்தன. இன்னும் சில மணி நேரத்தில் இல்லாமல் போகப்போகிற வீட்டில் ஒருத்தி ராத்திரிக் குழம்புக்கு மொச்சை உரிக்கிறாள்! செவனம்மா பிரேக்கை அழுத்தி நின்றாள். யந்திரங்களின் மேல் வந்த எரிச்சலா, ஊர்மேல் வந்ததா, தலையாட்டிய தன்மேல் வந்ததா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சைக்கிளை மேலே திருப்பினாள்.

"வழி அங்கிட்டு இருக்கு" என்றாள் பொம்முத்தாய், நிமிராமல்.

"எனக்குத் தெரியும். தண்ணி குடிக்க வந்தேன்."

பொம்முத்தாய் எழுந்து போய் ஊற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தாள். நாடிப்பட்டையை முறைத்துவிட்டு, செம்பைக் கையில் கொடுக்காமல் பாறைமேல் வைத்தாள். "தொட்டுத் தொலைக்காத. பொறகு ஊருக்கு நாந்தான் கெரகம்பாங்க. குடிச்சிட்டுப் போ. எனக்காக ஒண்ணும் நோக வேணாம்."

"ஒனக்காக யாரு நோகுறா? முகட்டுல இருந்து ஊரப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

பொம்முத்தாய் அப்போதுதான் நிமிர்ந்தாள். "அடி கிறுக்கி! பொழுதுக்குள்ள எறங்க முடியாதுடி. ஊரே போயிரும்."

"கவாத்துத்தான் தெரியாது. சைக்கிளு தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செவனம்மா வீட்டின் பின்பக்கமாகக் காட்டுக்குள் ஏறினாள்.

நாடிப்பட்டை உடனே அலறியது. சடையாண்டியின் குரல். "ஏத்தா, புத்தி பெசகிப் போச்சா? திரும்பு! கூட்டத்துல சரின்னுதான சொன்ன?"

"அப்ப சரின்னேன் மாமா. இப்ப இல்லங்கேன்."

"பிள்ளகுட்டி இருக்குற ஊருத்தா!"

"மதினியும் அந்த ஊருதான் மாமா. இந்த வருசம் அவ வீடு. அடுத்த வருசம் இன்னொருத்தன் வளைவ வெட்டுவான், ஒங்க வீடு போகும். அன்னைக்கும் கூட்டம் போட்டுக் கூடத்துல தங்கச் சொல்வீங்களா?"

சரிவு வந்ததும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டாள். கல் உருண்டது, வேர் அறுந்தது, முழங்கால் பாறையில் தேய்ந்து ரத்தம் கசிந்தது. உச்சி வெயில் தாண்டி, நிழல் கிழக்கே விழத் தொடங்கியிருந்தது. பயந்தாள். உள்ளபடியே பயந்தாள். தன்னால் ஊர் தெருவில் நின்றால் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? திரும்பிவிடலாமா என்று ஒருமுறை நின்றும் பார்த்தாள். கீழே, மரங்களின் இடுக்கில், அந்த வீட்டு அடுப்புப் புகை தெரிந்தது. மேலே ஏறினாள்.

முகட்டில் நின்று பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. காமயத்தோப்பு உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிப் பசுந்திரையின் பந்தல்கள், ஆள் நடமாட்டமே இல்லாத பச்சை. அவளுடைய பாட்டன் நட்ட கல்தூண்கள் அதற்குள்தான் நின்றன. அவள் இறங்கப் போகிற வழி அத்தனையையும் சுற்றிக்கொண்டு போனது.

இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. அடிவாரம் வந்ததும் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றது. பசுந்திரையின் குரல், பதவிசான பெண் குரல்.

"சுற்றாளரே, உங்கள் நாடி அளவுக்கு மீறித் துடிக்கிறது. இங்கேயே நின்றால் மருத்துவ வாகனம் வரும். உங்கள் ஊருக்குப் பழைய எல்லையை அப்படியே விட்டுத்தர நாங்கள் தயார்."

"பயந்துட்டீகளா?" என்றாள் செவனம்மா. அவள் பசுந்திரைத் தோட்டத்தின் வெளிவரப்பில் ஏறி, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மிதித்தாள்.

இந்தப் பக்கமிருந்து ஊர்க் களத்துக்கு வர ஒரே வழிதான். பசுந்திரைப் பந்தலுக்கும் ஊர்ப் பந்தலுக்கும் நடுவில் இருக்கும் சந்து. வந்து பார்த்தால் சந்து முழுக்கக் கவாத்து யந்திரங்கள், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. சுற்றாளைத் தொட அவற்றுக்கு உரிமையில்லை. நிற்க உரிமை உண்டே! மேற்கே பார்த்தாள். சூரியன் மலையில் கால் வைத்துவிட்டது. சைக்கிளோடு அவற்றின்மேல் ஏறிக் கடக்கலாம் என்றால், மண்மேல் எடை படாத இடத்தில் தடம் அறுந்துவிடும்.

யந்திரங்களுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. முகமெல்லாம் கடுகடுவென்று இருந்தது. சடையாண்டி முன்னால் வந்தார். அவளைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தாள். திட்டவும் செய்தார்.

"கொழுப்பெடுத்த கழுத! ஒன்னய அப்பறம் வச்சுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து முதல் யந்திரத்தின் அடியில் கைகொடுத்துத் தூக்கினார். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிடிங்கடா!"

"யந்திரத்தைத் தொடுவது குற்றம்" என்றது ட்ரோன். "சுற்று அளவரே, பதிவு செய்யுங்கள்."

ஜெயந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் மண்ணைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

போன வருஷம் கிடா ஜெயித்த காசிராமன் ஓடிவந்து தோள் கொடுத்தான். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு யந்திரமும் இழவெடுத்த கனம். ஒன்றைப் புரட்டி வாய்க்காலில் தள்ளினார்கள், இன்னொன்றை. ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்குச் சந்து திறந்ததும் எல்லோரும் அவள்மேல் படாமல் இரண்டு பக்கமும் பந்தல் தூண்களோடு ஒட்டி நின்றார்கள். மூச்சைக்கூட உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செவனம்மா அந்த இடுக்கில் குனிந்து மிதித்தாள். தொடையில் நரம்பு சுண்டி இழுத்தது. களத்தின் நடுவே, காலையில் கிளம்பிய இடத்தில் முன்சக்கரம் ஏறியதும் அப்படியே சாய்ந்து விழுந்தாள். வேம்பின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

ஜெயந்தன் கருவியைப் பார்த்தார். பிறகு உரக்க வாசித்தார். "வட்டம் மூடியது. உள்ளே காமயத்தோப்பு. பொம்முத்தாயின் வீடும் ஊற்றும். பசுந்திரையின் மேற்குத் தோட்டம், முழுவதும்."

இழந்தது திரும்பி வந்து இந்த ஊருக்குப் பழக்கமில்லை.

ட்ரோன்தான் முதலில் பேசியது. "இவ்வளவு பெரிய சுற்றை ஒவ்வொரு வருஷமும் உங்களால் சுற்ற முடியாது. அடுத்த தையில் எங்களிடமே வரும்."

அது உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரியும். செவனம்மாவின் கால்கள் தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தன. இந்தக் கால்களால் இன்னொரு தரம் முகடு ஏற முடியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொம்முத்தாய் வந்தாள். குறுக்குவழியில் ஓடிவந்திருப்பாள் போல, மேல்மூச்சு வாங்கியது. முதலில் வேம்படிக்குப் போய்க் கிடாவை அவிழ்த்தாள். "இந்த ஊருல இதுவரைக்கும் இம்புட்டு நேரங்கழிச்சு எவளும் வந்ததில்ல" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, கயிற்றைக் கொண்டுவந்து செவனம்மாவின் கையில் திணித்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. இனிக் கிடா வெரசாக வருகிறவருக்கு இல்லை, பெரிய சுற்றாகச் சுற்றி வருகிறவருக்கு என்பது அந்த நிமிஷத்திலேயே ஊருக்கு விளங்கிவிட்டது.

பிறகு அவள் கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"சீட்ட எறக்கிக் குடு" என்றாள் செவனம்மாவிடம். "நாளையில இருந்து எனக்கு மிதிக்கச் சொல்லிக் குடுக்கணும், அடுத்த தைக்குள்ள."

செவனம்மா கிடாவின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, படுத்தபடியே ட்ரோனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "ஸ்பானர எடுத்துட்டு வா மதினி" என்றாள்.